யசிந்தாவின் துக்கமணி

பருத்தித்துறைக்குக் கிழக்கே, கடலும் வீதியும் உரசிக்கொண்டு ஓடுகிற ஓரிடத்தில் ஒரு சின்னச் செபஸ்தியார் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றி நூற்றுச் சொச்சம் குடும்பங்கள், கரையில் பதினான்கு வள்ளங்கள். ஊரார் சுவாமி என்று கூப்பிடுகிற பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டினத்திலிருந்து வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற ஆறு நாளும் அந்தக் கோயிலைத் திறப்பது, கூட்டுவது, மணி அடிப்பது எல்லாம் யசிந்தாதான். முன்பு அவளுடைய கணவர் கிறிஸ்துநாயகம் அந்த வேலையைச் செய்துவந்தார். பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவர் நெஞ்சுவலியில் போனபோது, துக்கமணி அடிக்க ஆளில்லாமல் எல்லோரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்த் தானே கயிற்றைப் பிடித்தாள். அன்று தொடக்கம் கோயில் பூட்டின் திறப்பு அவளுடைய இடுப்பில்தான் தொங்கியது.

மற்ற மணிகளைப் பற்றி அந்த ஊரில் யாருக்கும் பெரிய அக்கறையில்லை. விடிய அடித்தால் மறுபக்கம் திரும்பிப் படுப்பார்கள், மத்தியானம் அடித்தால் சோறு ஞாபகம் வரும். துக்கமணி அப்படியல்ல. செத்தது பெண்ணென்றால் இரண்டிரண்டாக, ஆணென்றால் மூன்று மூன்றாக, நிறுத்தி நிறுத்தி அடிக்க வேண்டும். அதைக் கேட்டால் வள்ளத்தில் வைத்த கால் இறங்கிவிடும். ஊரில் ஒரு பிரேதம் கிடக்கும்போது யாரும் தொழிலுக்குப் போவதில்லை. அடக்கம் முடிந்த பிறகுதான் கடல். மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரரான நீக்கிலாப்பிள்ளை பெருநாளுக்கும் நிற்கமாட்டார், பெண்சாதி காய்ச்சலில் கிடந்தாலும் நிற்கமாட்டார். அவரும் துக்கமணிக்கு நிற்பார்.

இந்த வழக்கத்தோடு யசிந்தாவுக்கு ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழிப் புயலைப் பற்றி வடக்கில் கேள்விப்படாதவர்கள் குறைவு. அக்கரையில் தனுஷ்கோடி என்ற பட்டினத்தையே கடல் வழித்துத் துடைத்துக்கொண்டு போனது. இக்கரையிலும் தொழிலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. இந்தத் துறையில் மட்டும் பதினொரு பேர். அவர்களில் ஒருவர் யசிந்தாவின் தகப்பன். அவளுக்கு அப்போது இரண்டு வயது, தகப்பனின் முகம்கூட ஞாபகமில்லை.

அந்தப் புயல் நாள் காலையில் ஊரில் வேறொரு சாவு நடந்தது. பிறந்து ஒரு மணித்தியாலம் மட்டும் மூச்சுவிட்ட ஆண்பிள்ளை. மருத்துவிச்சி, தாயின் இரத்தப்போக்கை நிறுத்துகிற அவதியில், பிள்ளையின் தலையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அவசர ஞானஸ்நானம் கொடுக்க மறந்துபோனாள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அந்தக் கோயிலில் மணி அடிப்பதில்லை. பழந்துணியில் சுற்றி, சேமக்காலைக்குள் மற்றக் கல்லறைகளோடு இல்லாமல், மதிலுக்கு வெளியே புதைத்தாயிற்று. மணி அடிக்கவில்லை, ஆகவே ஊரைப் பொறுத்தவரை அன்று சாவும் நடக்கவில்லை. பின்னேரம் வள்ளங்கள் வழக்கம்போலப் போயின.

"ஒரு சிரங்கைத் தண்ணி விட்டிருந்தால் என்ரை மனிசன் இருந்திருப்பார்" என்று யசிந்தாவின் தாய் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கோபம் மறந்துபோன மருத்துவிச்சியில் விழவில்லை, சட்டம் வைத்தவர்களில் விழவில்லை. எப்போதும் போல, ஏற்கெனவே அடிவாங்கியவளில் போய் விழுந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளோடு அவள் பிறகு முகம் கொடுத்துக் கதைக்கவேயில்லை.

அந்தப் பிள்ளையைப் பெற்றவள் பியாட்றிஸ். அன்று பத்தொன்பது வயது, இப்போது எண்பது. புருசன் போய்ப் பத்து வருடம், ஒரே மகள் நிஷானி கனடாவில். மூச்சிழுக்கிற முட்டு வருத்தத்தோடு, கோயிலுக்கு அடுத்த ஒடுக்கமான ஒழுங்கையில் தனியே ஒரு வீட்டில் கிடந்தாள். தாய் பிடித்த கோபத்துக்கு வட்டி கட்டுவதுபோல யசிந்தா தினமும் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பாள். பியாட்றிஸ் உப்பில்லை என்பாள். யசிந்தா நாளைக்கு நீங்களே காய்ச்சுங்கோ என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு நிம்மதி இருந்தது.

போன கார்த்திகைக் கடைசியில் ஒரு புயல் வருகிறது என்றார்கள். அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள், ஊரில் யாருடைய வாயிலும் அது நுழையவில்லை. ஒரு ஓட்டோ ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகவேண்டாம் என்று அலறிக்கொண்டு ஓடியது. அந்த மாதத்தில் அது நான்காவது தரம். முதல் மூன்று தரமும் சனம் நம்பி வள்ளத்தை ஏற்றி வைத்துவிட்டு வீட்டில் குந்தியிருக்க, கடல் குளத்தைப்போலப் பேசாமல் கிடந்தது. ஆகவே நான்காம் தரம் ஓட்டோவைப் பார்த்துச் சின்னவர்கள் கைகாட்டினார்கள், பெரியவர்கள் வலையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

காற்று அன்று அடியோடு நின்றிருந்தது. முருங்கை இலைகூட அசையவில்லை. தகப்பன் போன அன்றும் காற்று இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று தாய் சொல்லியிருந்தது யசிந்தாவுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. மகன் டிலக்ஷன் மூன்று மணிக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இண்டைக்கு வேண்டாமடா. ரேடியோவிலை திரும்பத் திரும்பச் சொல்லுறாங்கள்."

"போன கிழமையும் இதைத்தானே அம்மா சொன்னவங்கள். நீக்கிலாப்பிள்ளை அண்ணையின்ரை மூண்டு வள்ளமும் போகேக்கை நான் மட்டும் வீட்டிலை இருந்து என்ன செய்யிறது? பயந்தாங்கொள்ளி எண்டுதான் சொல்லுவாங்கள்."

அதுதான் விசயம். ஒவ்வொருவனுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பயம் இருந்தது, ஆனால் முதல் ஆளாக நிற்க ஒருவனுக்கும் மனமில்லை. யசிந்தா நேரே கரைக்குப் போனாள். நீக்கிலாப்பிள்ளை எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள் நிண்டால் எல்லாரும் நிப்பினம்."

"பிள்ளை, உன்ரை வேலை மணி அடிக்கிறது, என்ரை வேலை கடல். நான் உன்ரை மணியிலை கை வைக்கிறேல்லை. நீ என்ரை கடலிலை கை வைக்காதை."

யசிந்தா திரும்பி நடந்தாள். பாதி வழியில் அவளுடைய நடை வேகமாகியது. கோபத்தில் நடக்கிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில், மனிசன் தன் வாயாலேயே வழியைச் சொல்லிவிட்டாரே என்று அவள் யோசித்துக்கொண்டு போனாள்.

பியாட்றிஸ் கட்டிலில் சாய்ந்து கிடந்தாள்.

"மாமி, ஒரு உதவி கேக்க வந்தனான். ஏசக்கூடாது."

"கேளன்."

"இண்டைக்கு ஒருநாளைக்குச் செத்துக் கிடக்க ஏலுமே?"

பியாட்றிஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏனடி, நானாச் சாகுமட்டும் பொறுக்கேலாமல் கிடக்கோ?"

யசிந்தா கட்டிலின் விளிம்பில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். முப்பத்தொரு பேர் போகப்போகிறார்கள், சொல்லிக் கேட்கவில்லை, மணிக்கு மட்டும்தான் கேட்பார்கள் என்றாள். பியாட்றிஸ் முட்டு இழுக்க இழுக்கத் தலையணையில் நிமிர்ந்தாள்.

"போய் அடி" என்றாள். "அண்டைக்கு என்ரை பிள்ளைக்கு அடிக்காத மணி. இண்டைக்கு எனக்கெண்டு சொல்லி அடி."

எழும்பப் போன யசிந்தாவைப் பியாட்றிஸ் கையைப் பிடித்து இருத்தினாள்.

"ஆனா ஒண்டு. நான் மெய்யாச் சாகேக்கை என்ன நடக்கும்? நீ அடிப்பாய், சனம் சிரிச்சுப்போட்டுக் கடலுக்குப் போகும். நிஷானி வந்து சேர நாலு நாள் செல்லும். இந்த ஊர் ஆம்பிளையளை விட்டால் என்னைத் தூக்க ஆர் இருக்கினம்? அண்டைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போகவும் ஒருத்தரும் வரேல்லை, தேப்பன் மட்டும் தனியக் கொண்டுபோனவர். எனக்கும் அப்பிடி வரக்கூடாது."

"வருவினம் மாமி. நான் பொறுப்பு."

"சரி. உன்ரை பொறுப்பை நம்பித்தான் சாகிறன்."

இரண்டு மணிக்குத் துக்கமணி அடித்தது. இரண்டிரண்டாக, நிறுத்தி நிறுத்தி. அந்த மணி அதுவரை பொய் சொன்னதில்லை. கரையில் எஞ்சின் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அடித்து முடித்துக் கீழே இறங்கி, ஆர், ஆர் என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு "பியாட்றிஸ் மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பியாட்றிஸின் வீட்டுக்கு ஓடினாள்.

முதலில் வந்தது நீக்கிலாப்பிள்ளையின் மனைவி. தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தவள், பியாட்றிஸ் கட்டிலில் குந்தியிருந்து காலைச் சொறிவதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். யசிந்தா கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நீங்கள் வெளியிலை போய்ச் சொன்னால் மூண்டு மணிக்கு உங்கடை மூண்டு வள்ளமும் போகும்."

அந்த மனுசி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் யோசித்தாள். பிறகு, "ஐயோ, என்ரை பியாட்றிஸ் அக்கா!" என்று வைத்தாளே ஒரு ஒப்பாரி, செத்தவளே திடுக்கிட்டுப் போனாள்.

அதன்பிறகு வந்த ஒவ்வொருத்திக்கும் இதேதான் நடந்தது. அழுதுகொண்டு வந்தார்கள், கண்டார்கள், கதவைச் சாத்தினார்கள், முன்னையிலும் பலமாக அழுதார்கள். அரை மணித்தியாலத்தில் அந்தச் சின்ன அறைக்குள் ஊரிலுள்ள பெண்டுகள் முக்கால்வாசிப் பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் வெளியே மூச்சு விடவில்லை. புருசனிடம் ஒளிக்காத விசயமே இல்லை என்று பெயரெடுத்தவள்கூட விடவில்லை. ஆம்பிளைகள் உள்ளே எட்டிப் பார்த்தபோது, குளிப்பாட்டுகிறோம் என்றார்கள். அடுத்த தரம் உடுப்பு மாற்றுகிறோம் என்றார்கள். ஆம்பிளைகள் முற்றத்தில் பந்தல் போட்டுக் இருக்கக் கதிரைகளை அடுக்கி, சீட்டுக் கடதாசி விளையாடத் தொடங்கினார்கள்.

"தேத்தண்ணி கொஞ்சம் கிடைக்குமே?" என்று பியாட்றிஸ் இரகசியமாகக் கேட்டாள். "சாகிறது பெரிய தாகமாக் கிடக்கு."

அதற்குள் யாரோ ஒருவன் சாவுச் செய்தியைப் பேஸ்புக்கில் போட்டுவிட்டான். பியாட்றிஸின் கைபேசி அடித்தது. வீட்டில் நிற்கிற யாராவது எடுப்பார்கள் என்று நிஷானி கனடாவிலிருந்து அழைத்திருந்தாள். அவளுடைய அழுகை அறை முழுக்கக் கேட்டது. பெண்டுகள் விறைத்துப்போய் நிற்க, பியாட்றிஸ் தானே கைபேசியை வாங்கினாள்.

"அழாதை பிள்ளை, நான்தான் கதைக்கிறன். நாளைக்கு உயிர்த்திடுவன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்தது.

நான்கு மணிக்குப் பிறகு காற்று எழும்பியது. முதலில் பந்தல் துணி படபடத்தது, பிறகு கடதாசிகள் பறந்தன, பிறகு ஆம்பிளைகள் விறாந்தைக்குள் ஏறினார்கள். ஐந்து மணிக்கு மூப்பர் அடைக்கலநாதன் செபப்புத்தகத்தோடு வந்தார். சுவாமி இல்லாத நாளில் கோயில் காரியங்களுக்கு அவர்தான் தலைவர். அவரை மறிக்க யாராலும் முடியவில்லை. பெண்டுகள் சன்னலைச் சாத்தி, மெழுகுதிரியை எட்டத்தில் வைத்தார்கள். பியாட்றிஸ் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். மூப்பர் முழந்தாளில் நின்று, செத்தவர்களுக்குச் சொல்கிற நித்திய இளைப்பாற்றிச் செபத்தை உருக்கமாகச் சொல்லி முடித்தார்.

எண்பது வருடப் பழக்கம் விடுமா? "ஆமென்" என்று பிரேதமும் சேர்ந்து சொல்லிவிட்டது.

மூப்பரின் கையிலிருந்து புத்தகம் விழுந்தது. அவர் எழும்பி வெளியே ஓடி, "பொய்! பொய்! ஆள் இருக்கு!" என்று கத்தினார். ஆனால் அதைக் கேட்க விறாந்தையில் ஒருவரும் இல்லை. பந்தல் பறந்துபோய்ப் பனையில் சிக்கியிருந்தது. ஆம்பிளைகள் எல்லோரும் வள்ளங்களை இன்னும் மேலே இழுக்கக் கரைக்கு ஓடியிருந்தார்கள். கடல் வீதியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அன்றைய இரவை விரிக்கத் தேவையில்லை. ஊர் முழுவதும் கோயிலுக்குள் இருந்தது. பியாட்றிஸைக் கதிரையோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அதில் ஒருவர் நீக்கிலாப்பிள்ளை. தூக்கும்போது அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், பிறகு தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார், கதிரைக் காலை இறுக்கிப் பிடித்தார். விடிந்தபோது பாதிக் கூரைகள் இல்லை, ஆட்கள் இருந்தார்கள். மூன்று நாளைக்குப் பிறகு செய்தி வந்தது. வேறொரு துறையில் அன்று பின்னேரம் இரண்டு வள்ளங்கள் போயிருக்கின்றன, ஐந்து பேர் திரும்பவில்லை. அன்று முழுவதும் ஊரில் ஒருவரும் பலத்துக் கதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய சுவாமி யசிந்தாவைக் கூப்பிட்டார். மூப்பரும் பக்கத்தில் நின்றார். உயிரோடு இருக்கிறவளுக்கு இளைப்பாற்றி சொன்ன வெட்கம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"சாவு மணியிலை பொய் சொன்னது பாவம் எண்டு தெரியுமோ?" என்றார் சுவாமி.

"ஓம் சுவாமி."

"மனம் வருந்துறியோ?"

"பொய்க்கு வருந்துறன் சுவாமி. அடிச்சதுக்கு வருந்தேல்லை."

சுவாமி கூரையில்லாத பக்கத்து வீட்டை ஒருதரம் பார்த்தார். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்கு வா என்றார், அவ்வளவுதான். ஆனால் மூப்பர் விடவில்லை. இனிமேல் அந்த மணியை யார் நம்புவது, திறப்பைத் தா என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. யசிந்தா இடுப்பிலிருந்து திறப்பைக் கழற்றிக் கொடுத்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இடுப்பு லேசாக இருந்தது, அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூப்பர் அடித்த மணி தகர டப்பாவில் கல்லெறிந்த மாதிரி இருந்தது. ஆனால் யசிந்தாவைக் குத்தியது அதுவல்ல. மத்தியான மணி அடித்தால்கூட, "இண்டைக்கு ஆர் உயிர்க்கப் போகினம்?" என்று கரையில் பகிடி விட்டார்கள். நன்றி சொன்னவர்கள் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்டுகள். நீக்கிலாப்பிள்ளை நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. பியாட்றிஸின் காதுக்கும் பகிடிகள் எட்டின.

"பாத்தியே? எனக்கு அடிக்கேக்கையும் சிரிப்பினம்" என்றாள், கஞ்சியை வாங்கிக்கொண்டு.

"சிரிக்கமாட்டினம், மாமி" என்றாள் யசிந்தா. சொல்லும்போது அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. அன்றிரவு அவளுக்கு நித்திரை வரவில்லை.

தை பிறந்து இரண்டாம் கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை. புயலுக்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேலாகக் கடல் கொந்தளித்து, ஒருவரும் சரியாகத் தொழில் பார்க்கவில்லை. அன்றுதான் முதல் முதலாகக் கடல் தட்டையாகக் கிடந்தது. மீன் கிட்ட வந்து நிற்கிறது என்று காலையிலேயே கதை அடிபட்டது. மத்தியானம் கஞ்சியோடு போன யசிந்தா பியாட்றிஸைக் கூப்பிட்டாள். பதில் வரவில்லை. கையைத் தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்திருந்தது. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, பியாட்றிஸின் இரண்டு கைகளையும் நெஞ்சில் சேர்த்து வைத்தாள். பிறகு மூப்பரின் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

மூப்பர் வந்து பார்த்தார். இந்தத் தரம் மூக்கடியில் விரலை வைத்தும் பார்த்தார். பிறகு மடியிலிருந்து திறப்பை எடுத்து நீட்டினார்.

"நீயே போய் அடி. அவவுக்கு நான் ஒருக்காச் செபம் சொல்லிப்போட்டன், எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

கோயில் மணி, முற்றத்தில் ஓர் உயர்ந்த மேடையில் தொங்குகிறது. அங்கே ஏறி நின்றால் கரை முழுவதும் தெரியும். வள்ளங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள், இரண்டு ஏற்கெனவே தண்ணீரில் மிதந்தன. யசிந்தா சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றை இழுத்தாள். இரண்டு. நிறுத்தினாள். இரண்டு.

கரையில் தலைகள் நிமிர்ந்தன. ஒருவன் வானத்தைப் பார்த்தான், அதில் ஒரு முகில்கூட இல்லை. இன்னொருவன் பலமாகச் சிரித்தான். டிலக்ஷன் வள்ளத்தில் கைவைத்தபடி தாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் தள்ளுவதை விட்டுவிட்டு வரவில்லை. தனியே ஒரு தகப்பன் துணிப்பொட்டலத்தோடு சேமக்காலைப் பக்கம் நடந்துபோனதை யசிந்தா கண்ணால் கண்டவளில்லை, ஆனாலும் இப்போது கண்டாள்.

நீக்கிலாப்பிள்ளை இடுப்பில் மடித்துக் கட்டிய சாரத்தோடு மணலில் ஏறி மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

"யசிந்தா! மெய்யோ, பொய்யோ?"

துக்கமணி அடிக்கிறவர் அடித்து முடியும்வரை வாய் திறக்கக்கூடாது. கணவர் கிறிஸ்துநாயகம் இருந்த காலத்தில் அவளுக்குச் சொல்லித் தந்த ஒரே சட்டம் அது. இன்னொரு பிழை விட அவளுக்கு விருப்பமில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தாள். இரண்டு. நிறுத்தம். இரண்டு.

நீக்கிலாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கரைப்பக்கம் திரும்பினார்.

"மெய்யெண்டால் என்ன, பொய்யெண்டால் என்ன!" அவருடைய குரல் அந்தக் கரை முழுவதும் கேட்டது. "அந்த மனிசி எங்களுக்காக ஒருக்காச் செத்தவ. வள்ளத்தை ஏத்துங்கோடா!"

முதலில் டிலக்ஷனுடைய வள்ளம் திரும்பியது. பிறகு மற்றவை. தண்ணீரில் மிதந்த இரண்டும் எஞ்சினை நிறுத்திக் கரைக்கு வந்தன. பதினான்கு வள்ளங்களும் மணலில் ஏறும்வரை யசிந்தா அடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கயிற்றைக் கட்டிவிட்டு, மேடைப் படியில் குந்தியிருந்து அழுதாள். முப்பத்தொரு பேரும் கால் கழுவிக்கொண்டு பியாட்றிஸ் மாமியின் ஒழுங்கைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.